பண்டைக் குதிரைச் சேணமும் சிற்றுருக் கைவினையும்

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடபால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்தது உச்சமுனை. ஆண்டு வீசும் உப்புக்காற்றிலே இரும்பு துருவேறும், தோல் இற்றுப்போகும். மன்னார்க்குடாவின் எதிர்க்கரையிலுள்ள காயல் துறைக்கு 13ஆம் நூற்றாண்டில் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரைகள் மரக்கலங்களில் வந்திறங்கின. பாண்டியர் ஆண்டுதோறும் பெரும்பொருள் ஈந்து அவற்றை வாங்கினரென்றும், வாங்கியவற்றுட் பெரும்பாலன ஓராண்டுக்குள் மடிந்தனவென்றும் மார்க்கோ போலோ கூறுவர். குதிரைகளே நிலையாதவிடத்து அவை பூண்ட தோலும் துணியும் எங்ஙனம் நிலைக்கும்?

ஆதலின், அக்காலக் குதிரையைச் சிற்றுருவாக அமைத்து அதற்கேற்ற சேணமும் பூட்ட விழைவோன் கல்லையும் மண்ணையுமே பெரும்பாலும் சான்றாகக் கொள்ளல் வேண்டும். அச்சான்றுகள் யாவும் ஒரே காலத்தன அல்ல. ஏறக்குறைய 2000 ஆண்டுகட்கு முற்பட்ட சாஞ்சிச் சிற்பங்களில் வீரன் கால்நுழைக்கும் வார்வளையத்தைக் காணலாம். 12, 13ஆம் நூற்றாண்டுப் போசளர் சிற்பங்களிலோ அங்கவடி தெளிவாகத் தோன்றுகின்றது. சாஞ்சி வீரனுக்கு இரும்பு அங்கவடி மாட்டுவோன் ஆயிரம் ஆண்டுப் பிழை செய்தவனாவான்.

சான்றின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் உயர்த்திப் பாயும் குதிரைகள் 16ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் வன்மைக்குச் சான்று. எனினும் சிற்பி கருதியது பொலிவு, வாரின் பொருத்தன்று. புதுக்கோட்டைப் பகுதி அய்யனார் கோயில்களுக்கு வேளார் வனையும் சுடுமண் குதிரைகளில் மணிமாலையும் சேணமும் உடலோடு ஒட்டியே அமைகின்றன. மெல்லிதாய்த் தொங்கும் உறுப்பு மண்ணில் எளிதில் முறியுமாதலால், மண்குதிரையில் அங்கவடி இல்லாமை அக்காலத்தே அஃது இல்லாமைக்குச் சான்றாகாது.

இவ்வாறு சான்று வாய்பேசாதவிடத்து உறுப்பின் பயனே வழிகாட்டும். கடிவாளம் வாயை அடக்கும். வயிற்றுவார் சேணத்தை இறுக்கும். மார்புவார் அது பின்சரியாமலும், வால்வார் முன்சரியாமலும் காக்கும். கல்லில் வயிற்றுவார் மறைந்திருப்பினும், அஃதின்றிச் சேணம் நில்லாதென்பதை அறிவோன் அதனை விடான். பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்யுங்கால், 24 மில்லிமீற்றர் அகலமுள்ள வார் 2 மில்லிமீற்றராகும். அகலத்தை மட்டும் குறைத்துத் தடிப்பைச் சீவாதுவிடின், அது வளையாது மரச்சிராய்போல் விறைத்து நிற்கும்.

நெடுந்தீவிலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கடிவாளமின்றித் திரிகின்றன. அங்கவடி, கலனை, தலையாட்டம் முதலாய சொற்களோ பெரும்பாலும் அகராதியளவில் அடங்கிவிட்டன. ஒவ்வோர் உறுப்பும் எங்கே பொருந்தும், எதனைத் தாங்கும் என ஆராய்ந்து, உள்ளங்கையளவான குதிரைக்கு அவற்றைப் பிழையறச் செய்து பூட்டுவோன் அச்சொற்களுக்கு மீண்டும் பொருளைக் காட்டுகின்றான். அம்முயற்சியை விளையாட்டென்று ஒதுக்காது, வரலாற்றுப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் தகும்.