வயரைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டீமில் சிவிஎஸ்தான். சர்வர் படுத்துவிட்டால் மொத்த டீமும் டீக்கடையில் நிற்கும். சும்மா சாக்கு இல்லைங்க. சிவிஎஸ்ஸில் கோடின் வரலாறு முழுக்க சர்வரில் இருக்கும். நம்ம மெஷினில் இருப்பது ஒரே ஒரு நகல். நேற்று என்ன மாற்றினோம் என்று டிஃப் எடுத்துப் பார்க்கக்கூட நெட்வொர்க் வேண்டும்.

2004-ல் 1.0 ஆக வந்த சப்வெர்ஷன் இதைப் பாதி சரிசெய்தது. நாம் எடுத்த ஃபைல்களின் கைபடாத பிரதி ஒன்றை நம்ம மெஷினிலேயே ஒளித்து வைத்துக்கொள்ளும். அதனால் டிஃப் ஆஃப்லைனில் வரும். ஆனால் கமிட் வராது. ஏன்? ரிவிஷன் நம்பர் 101, 102 என்று வரிசையாகப் போகும்; அடுத்த நம்பரைக் கொடுக்க ஒரே ஒரு சர்வர்தான் உண்டு.

லினக்ஸ் கெர்னல் குழு 2002-லேயே பிட்கீப்பருக்கு மாறிவிட்டது. அதில் ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறு இருக்கும். ஆனா அது ஒரு கம்பெனியின் சரக்கு. இலவச உரிமம் அவர்கள் தயவு. 2005-ல் அந்தத் தயவு முடிந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3-ம் தேதி கிட் எழுத ஆரம்பித்தார். 7-ம் தேதி கிட்டின் கோடே கிட்டுக்குள் போய்விட்டது.

கிட்டில் யாரும் நம்பர் கொடுப்பதில்லை. கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்தே அதன் அடையாளம் எஸ்ஹெச்ஏ-1 ஹேஷாகக் கணக்கிடப்படும். சர்வரைக் கேட்க வேண்டிய கேள்வியே இல்லாமல் போனது. ரயிலில் உட்கார்ந்து கமிட் செய்ய முடிவது இதனால்தான்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. நம்ம கோடை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுத்தவர் கோடை நெட்டிலேயே விட்டுவிட்டோம். 2016 மார்ச் 22 அன்று என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவரே நீக்கினார். பேபல் உட்பட ஏராளமான ப்ராஜெக்ட்களின் பில்ட் அன்றைக்கு உடைந்தது.

ஆக, அறுபடக்கூடிய வயர் மூன்று: சர்வர், உரிமம், டிபெண்டன்சி. புது டூல் எதையும் எடுக்கும் முன் நான் செய்வது இதுதான். டிபெண்டன்சிகளை ப்ராஜெக்டுக்குள்ளேயே இறக்கி வைப்பேன். கோ, ரஸ்ட் இரண்டிலும் இதற்கு வெண்டர் என்றே கமாண்ட் இருக்கிறது. பிறகு கேஷை அழித்து, வைஃபையை அணைத்து, முதலிலிருந்து ஒரு பில்ட். ஓடினால் டூல் நம்முடையது. ஓடலைன்னா வாடகைக்கு இருக்கோம்னு அர்த்தம். வீட்டுக்காரர் யாருன்னாவது தெரிஞ்சுக்கணும்.