பாறையேறி மாதிரி ஊர்திகளில் ஸ்டீரிங் சர்வோவின் இடம்: ஒரு வரலாறு

பாறையேறி ஊர்தி என்பது வானொலி அலைகளால் இயக்கப்படும் ஒரு வகை மாதிரி ஊர்தி ஆகும். ஆங்கிலப் பெயரைத் தழுவி இது கிராலர் என்றும் அழைக்கப்படுகிறது. பந்தயக் கார் மாதிரிகள் வேகத்துக்காகச் செய்யப்படுகின்றன. கிராலரோ பாறை, மரவேர், சேறு ஆகியவற்றின் மீது மெல்ல ஊர்ந்து ஏறுவதற்காகவே செய்யப்படுகிறது. பெரும்பாலான கிராலர்கள் உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு கொண்டவை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். முன்னும் பின்னும் ஒரே துண்டான கட்டை அச்சுகள் இருக்கும்.

இவ்வூர்தியின் முன்சக்கரங்களைத் திருப்புவது சர்வோ எனும் சிறு மின்பொறி. இதை அச்சின் மீது பொருத்துவதா, அச்சுக்கு மேலே உள்ள சேசிஸ் சட்டத்தில் பொருத்துவதா என்ற கேள்வி கிராலர்களின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இக்கேள்வியே சஸ்பென்ஷனின் முழு வடிவத்தையும் தீர்மானிக்கிறது.

சர்வோ செய்யும் வேலை

சர்வோவின் உள்ளே ஒரு சிறு மோட்டார், பற்சக்கரத் தொகுதி, கோணத்தை உணரும் உறுப்பு, ஒரு மின்சுற்று ஆகியவை உள்ளன. ஏற்பி அனுப்பும் மின்துடிப்பின் நீளத்தைக் கொண்டு அதன் அச்சுமுனை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது முடிவாகிறது. வழக்கமாக 1.5 மில்லிவினாடி நீளமுள்ள துடிப்பு நடுநிலையைக் குறிக்கும். 1 மில்லிவினாடி ஒரு கோடியையும் 2 மில்லிவினாடி மறுகோடியையும் குறிக்கும். சர்வோவின் மேலுள்ள சிறு கை ஒரு திருப்புக் கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். அக்கம்பி ஒரு பக்கச் சக்கரத்தின் நக்கிளைத் திருப்பும். டை ராட் எனும் மற்றொரு கம்பி அந்த அசைவை மறுபக்கச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும்.

சமதரையில் ஓடும் காரில் இந்த ஏற்பாடு எளிது. கிராலரில் நிலைமை வேறு. ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மறுசக்கரம் பள்ளத்தில் இருக்கும். அச்சு சட்டத்தோடு ஒப்பிட ஓயாமல் ஏறி இறங்கிச் சாய்ந்தபடி இருக்கும். சர்வோ சட்டத்திலும் சக்கரம் அச்சிலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள திருப்புக் கம்பி அந்த அசைவில் சிக்கிக்கொள்கிறது.

பெரிய வண்டிகளிலிருந்து வந்த அறிவு

சக்கரம் திருப்பும் வடிவியலின் வரலாறு மோட்டார் வண்டிக்கு முந்தியது. செருமனியின் மியூனிக் நகரில் குதிரை வண்டி செய்துவந்த கியோர்க் லாங்கென்சுபெர்கர், இரு முன்சக்கரங்களும் தனித்தனி முளைகளில் திரும்பும் முறையை உருவாக்கினார். அவருடைய இலண்டன் முகவரான ருடால்ப் ஆக்கர்மன் 1818-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இதனால் அம்முறை ஆக்கர்மன் வடிவியல் என்றே இன்றும் வழங்குகிறது. வளைவில் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடச் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும் என்பது இதன் சாரம்.

அடுத்த கட்டம் சஸ்பென்ஷன் சார்ந்தது. பழைய ஜீப்புகளில் லீஃப் ஸ்பிரிங்குகளே அச்சைத் தாங்கின. அச்சு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் அவையே செய்தன. அச்சுக்குச் சுருள்வில் பொருத்தியபோது சிக்கல் எழுந்தது. சுருள்வில் எடையைத் தாங்குமே தவிர, அச்சை ஓரிடத்தில் நிறுத்தி வைக்காது. எனவே அச்சை முன்பின்னாகப் பிடிக்க நீளவாட்டுக் கம்பிகளும், பக்கவாட்டில் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பியும் தேவைப்பட்டன. இந்தக் குறுக்குக் கம்பி பிரான்சின் பன்ஹார்ட் கார் நிறுவனத்தின் பெயரால் பன்ஹார்ட் கம்பி எனப்படுகிறது. அதன் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் இணைந்திருக்கும்.

1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் முன் அச்சில் சுருள்வில்லையும் பன்ஹார்ட் கம்பியையும் கொண்டிருந்தது. 1984 மாதிரியாக வந்த ஜீப் செரோக்கி முன் அச்சிலும் சுருள்வில், நான்கு கம்பிகள், ஒரு குறுக்குக் கம்பி ஆகியவை இருந்தன. இவ்வண்டிகளில் ஸ்டீரிங் பெட்டி சட்டத்தில் இருந்தது. ஆகவே திருப்புக் கம்பியும் பன்ஹார்ட் கம்பியும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாக அமைக்கப்பட்டன. இந்த இணைப்போக்கே பிற்காலத்தில் கிராலர்களுக்கும் தீர்வானது.

தொடக்க கால மாதிரிகள்

சப்பானின் தமியா நிறுவனம் தன் முதல் வானொலிக் கட்டுப்பாட்டுக் காரான போர்சே 934-ஐ 1976-இல் வெளியிட்டது. 1981-இல் அதே நிறுவனம் டொயோட்டா பிக்கப் வண்டியின் மாதிரியைக் கொண்டுவந்தது. ஏணி வடிவ உலோகச் சட்டம், லீஃப் ஸ்பிரிங், கட்டை அச்சுகள், மூன்று வேகப் பல்லிணைப்பெட்டி என உண்மை வண்டியின் உறுப்புகளை அது சிறிய அளவில் பின்பற்றியது. 1985-இல் வந்த புரூசரும் இவ்வழியில் வந்ததே. இவற்றில் சர்வோ சட்டத்திலேயே இருந்தது. சஸ்பென்ஷன் அதிகம் அசையாததால் அது பெருங்குறையாகத் தெரியவில்லை.

1987-இல் தமியா வெளியிட்ட கிளாட் பஸ்டர் வேறு வகையானது. பெருஞ்சக்கர மான்ஸ்டர் டிரக்கின் மாதிரியான இதில் ஒவ்வோர் அச்சிலும் ஒரு மோட்டார் இருந்தது. நான்கு சக்கரங்களும் திரும்பின. உற்பத்தியாளர் இதைப் பாறை ஏறுவதற்காகச் செய்யவில்லை. ஆயினும் அச்சிலேயே மோட்டார் இருந்ததால் நடுவில் பல்லிணைப்பெட்டியோ விசைத்தண்டோ தேவைப்படவில்லை. இந்த வசதியைக் கண்ட அமெரிக்க ஆர்வலர்கள் அதன் அச்சுகளைத் தனியே எடுத்து, தாமே வெட்டிய சட்டங்களில் பொருத்திக் கிராலர்களைச் செய்தனர். அப்போது அவர்கள் செய்த முக்கிய மாற்றங்களுள் ஒன்று, சர்வோவைச் சட்டத்திலிருந்து இறக்கி அச்சின் மீது பொருத்தியது.

அச்சின் மீது சர்வோ

சர்வோவை அச்சில் பொருத்தினால் சர்வோ, திருப்புக் கம்பி, நக்கிள் மூன்றும் ஒரே உடலின் பகுதிகளாகின்றன. அச்சு எவ்வளவு சாய்ந்தாலும் அவற்றுக்கிடையே உள்ள தூரம் மாறாது. எனவே சஸ்பென்ஷன் அசைவால் சக்கரம் தானாகத் திரும்பும் குறை முற்றிலும் நீங்குகிறது.

இதனால் மற்றொரு நன்மையும் கிடைத்தது. அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கப் பன்ஹார்ட் கம்பி தேவையில்லாமல் போனது. மேலிரு கம்பிகளை முக்கோணமாகச் சாய்த்து அமைக்கும் நான்கு கம்பிச் சஸ்பென்ஷனே போதுமானது. இவ்வமைப்பில் அச்சு பக்கவாட்டில் விலகாமல் நேராக ஏறி இறங்கும். மேலும் சர்வோவின் எடை தாழ்வாகவும் முன்னாகவும் அமைவதால் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்னால் கவிழ்வது குறைகிறது.

2000களின் பிற்பாதியில் ஆக்சியல் நிறுவனம் வெளியிட்ட ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் இந்த அனுபவத்தைக் கடையில் வாங்கக்கூடிய பொருளாக்கியது. 2011-இல் வந்த அதே நிறுவனத்தின் ரெய்த்திலும் சர்வோ அச்சின் மீதே இருந்தது. பாறையில் ஏறுவது மட்டுமே நோக்கம் என்றால் கேள்வி இத்துடன் தீர்ந்தது எனலாம்.

தோற்றம் எழுப்பிய சிக்கல்

ஆனால் ஆர்வலர்களில் ஒரு பெரும் பிரிவினர் ஏறும் திறனோடு உண்மை வண்டியின் தோற்றத்தையும் விரும்பினர். உண்மையான ஜீப்பின் முன் அச்சின் மீது கறுப்புப் பெட்டி எதுவும் உட்கார்ந்திருப்பதில்லை. மாதிரியில் அச்சின் மேல் துருத்தி நிற்கும் சர்வோ அந்த மயக்கத்தைக் கலைத்தது.

செயல்முறைக் குறையும் உண்டு. அச்சு மேலேறும்போது சர்வோ சட்டத்திலோ பல்லிணைப்பெட்டியிலோ மோதும். அதைத் தவிர்க்க வண்டியை உயர்த்தி வைக்க வேண்டும். உயர்த்தினால் எடைமையம் மேலேறிப் பக்கவாட்டுச் சரிவில் கவிழும் அபாயம் கூடும். இதனால் சர்வோவை மீண்டும் சட்டத்துக்கு ஏற்ற வேண்டிய தேவை பிறந்தது. பழைய குறையை இம்முறை வடிவியலால் வெல்ல வேண்டியிருந்தது.

வடிவியல் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். திருப்புக் கம்பியின் நீளம் 80 மில்லிமீட்டர் என்றும், தொடக்கத்தில் அது கிடைமட்டமாக உள்ளது என்றும் கொள்க. அச்சு 20 மில்லிமீட்டர் மேலேறினால் கம்பி சாய்கிறது. பிதாகரசு தேற்றத்தின்படி அதன் கிடைமட்ட நீளம் 77.46 மில்லிமீட்டராகக் குறையும். அதாவது கம்பியின் அச்சுப்பக்க முனை 2.54 மில்லிமீட்டர் உள்ளே இழுக்கப்படும்.

முக்கோண நான்கு கம்பி அமைப்பில் அச்சு பக்கவாட்டில் நகராது. ஆகவே அந்த 2.54 மில்லிமீட்டரும் நக்கிளைத் திருப்புவதில் செலவாகும். நக்கிள் கையின் நீளம் 20 மில்லிமீட்டர் எனில் சக்கரம் ஏறத்தாழ 7 பாகை தானாகத் திரும்பிவிடும். ஓட்டுபவர் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடாமலே இது நிகழும். இதுவே பம்ப் ஸ்டீர் எனப்படுகிறது.

இப்போது அதே 80 மில்லிமீட்டர் நீளமுள்ள பன்ஹார்ட் கம்பியைத் திருப்புக் கம்பிக்கு இணையாகப் பொருத்தினால், அச்சு முழுவதும் அதே 2.54 மில்லிமீட்டர் அதே திசையில் நகரும். திருப்புக் கம்பியும் அச்சும் ஒன்றாக நகர்வதால் நக்கிள் திரும்பாது. குறை மறையவில்லை. சக்கரத்தைத் திருப்பாத இடத்துக்கு அது மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

பன்ஹார்ட் கம்பி 60 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால் அச்சு 3.43 மில்லிமீட்டர் நகரும். வேறுபாடான 0.89 மில்லிமீட்டர் சக்கரத்தை ஏறத்தாழ 2.5 பாகை திருப்பும். 80 மில்லிமீட்டர் பன்ஹார்ட் கம்பியை எதிர்த்திசையில் பொருத்துவது இதைவிட மோசமானது. இரு நகர்வுகளும் கூடி 5.08 மில்லிமீட்டராகிச் சக்கரம் 14 பாகைக்கு மேல் திரும்பும். கம்பி இல்லாமலிருப்பதைவிடத் தவறாகப் பொருத்திய கம்பி இருமடங்கு கேடு செய்கிறது.

கம்பியின் தொடக்கச் சாய்வும் முக்கியமானது. ஏற்கெனவே 20 மில்லிமீட்டர் சாய்ந்துள்ள கம்பி, அச்சு மேலும் 20 மில்லிமீட்டர் விலகும்போது 8.18 மில்லிமீட்டர் இழுக்கும். வண்டி தன் எடையில் நிற்கும்போது இரு கம்பிகளும் இயன்றவரை கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று கூறப்படுவது இதனாலேயே.

சட்டத்துக்குத் திரும்பிய சர்வோ

2016-இல் ஆக்சியல் வெளியிட்ட எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் பதிப்பில் சர்வோ சட்டத்தில் பொருத்தப்பட்டது. முன் அச்சை மூன்று நீளவாட்டுக் கம்பிகளும் ஒரு பன்ஹார்ட் கம்பியும் பிடித்தன. இவ்வண்டி ஜீப் செரோக்கியின் உடல்கூட்டோடு வந்தது. உண்மையான செரோக்கியும் குறுக்குக் கம்பி கொண்டதாதலால் மேலே உள்ள உடலும் கீழே உள்ள அமைப்பும் ஒரே மரபைச் சேர்ந்தவையாயின.

2017-இல் டிராக்ஸாஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4 லேண்ட் ரோவர் டிஃபெண்டர் உடல்கூட்டோடு வந்தது. இதிலும் சர்வோ சட்டத்தில் இருந்தது. தொலைவிலிருந்தே பூட்டவும் திறக்கவும் கூடிய டிஃபரன்ஷியல்களும் போர்ட்டல் அச்சுகளும் இதன் சிறப்புகள். போர்ட்டல் அச்சில் சக்கரத்தின் அருகே உள்ள பற்சக்கரங்கள் அச்சின் நடுப்பகுதியைச் சக்கர மையத்தைவிட உயரமாக வைக்கின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செருமனியில் உருவான உனிமாக் ஊர்தியால் பெயர்பெற்ற முறை இது. அச்சின் நடுப்பகுதி தரையிலிருந்து உயர்வதால் பாறையில் தட்டுவது குறைகிறது.

இன்றைய நிலை

இன்று இரு முறைகளும் அருகருகே வழக்கில் உள்ளன. போட்டிக் கிராலர்களில் ஏறும் திறனே முதன்மையானதால் அச்சின் மீது சர்வோ பொருத்தும் முறை நீடிக்கிறது. உண்மைத் தோற்றம் நாடும் வண்டிகளில் சட்டத்துச் சர்வோவும் பன்ஹார்ட் கம்பியும் பரவலாகியுள்ளன. ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுபவர்கள் சர்வோவை மட்டும் இடம் மாற்றிவிட்டு முக்கோணக் கம்பிகளை அப்படியே விட்டுவிடுவது பொதுவான பிழை. சர்வோவின் இடம் மாறினால் அச்சைப் பிடிக்கும் முறையும் மாற வேண்டும்.

ஒரு தலைமுறை சர்வோவைக் கீழே இறக்கியது. அடுத்த தலைமுறை அதை மேலே ஏற்றியது. முதல் தலைமுறை சிக்கலை அகற்றித் தீர்வு கண்டது. இரண்டாவது தலைமுறை, பெரிய வண்டிகளின் பொறியாளர்கள் முன்பே கண்டிருந்த இணைக்கம்பி முறையைக் கையளவு வண்டிக்குள் கொண்டுவந்து தீர்வு கண்டது. கிடைமட்டமாகவும் இணையாகவும் சம நீளத்திலும் அமைந்த இரு கம்பிகள் என்ற எளிய விதி, இரண்டு டன் ஜீப்புக்கும் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள மாதிரிக்கும் ஒன்றேயாகும்.