வார்ப்புருவின் எல்லை: இணைய நிரலாக்கத்தில் ஒரு பாகுபாட்டின் வரலாறு

கணக்கிடும் பகுதி வேறு, காட்டும் பகுதி வேறு என்னும் பாகுபாடு இணையத்துக்கு முந்தையது. நார்வேயைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்கௌக், 1978-79இல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றியபோது மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்னும் முப்பகுப்பை வகுத்தார். பயனரின் மனத்திலுள்ள உலகுக்கும் கணிப்பொறிக்குள் இருக்கும் தரவுக்கும் இடையே பாலம் அமைப்பதே அவரது முதன்மை நோக்கம்.

இணையம் பரவிய காலத்தில் இப்பாகுபாடு ஏறத்தாழ மறக்கப்பட்டது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி, மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி (1996), சன் நிறுவனத்தின் ஜேஎஸ்பி (1999) ஆகியவை எச்டிஎம்எல் பக்கத்துக்குள்ளேயே நிரலை எழுத வழிசெய்தன. சிறிய தளங்களுக்கு அது பெரும் வசதி. தளம் வளர்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்குத் தள்ளுபடி என்ற விதியைப் பொருள் பட்டியல் பக்கத்திலும் விலைச்சீட்டுப் பக்கத்திலும் தனித்தனியே எழுதினால், ஓரிடத்தில் மாற்றியது மற்றோரிடத்தில் பழையபடியே நிற்கும். பக்கத்தின் நிறத்தை மாற்ற வந்த வடிவமைப்பாளர், அறியாமலே விதியையும் சிதைத்துவிடலாம்.

எனவே, பழைய முப்பகுப்பு புதிய வடிவில் திரும்பியது. ஜாவா உலகில் ஸ்ட்ரட்ஸ் (2000), ரூபியில் ரெயில்ஸ் (2004), கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான ஜாங்கோ ஆகியவை தருக்கத்தையும் தோற்றத்தையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்தன. ஆனால் கோப்புகள் பிரிந்ததால் மட்டும் பொறுப்புகள் பிரிந்துவிடவில்லை. பல வார்ப்புரு மொழிகள் ஒப்பீடு, கூட்டல், மாறி என வளர்ந்து, தாமே நிரல்மொழிகளாயின. தள்ளுபடி விதி பின்வாசல் வழியாக மீண்டும் பக்கத்துக்குள் நுழைந்தது.

இந்நிலையில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் பார், 2004இல் நியூயார்க்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் அளித்த கட்டுரை, மொழியியல் மாணவர்களும் அறியத்தக்கது. நிரலாளரின் நல்லொழுக்கத்தை நம்புவதை விடுத்து, வார்ப்புரு மொழியின் ஆற்றலையே குறைக்க வேண்டும் என்றார் அவர். வார்ப்புரு தரவை மாற்றக்கூடாது, தரவைக் கொண்டு கணக்கிடக்கூடாது, மதிப்புகளை ஒப்பிடக்கூடாது, தரவின் வகையை ஊகிக்கக்கூடாது, மறுபுறம், தரவும் தோற்றக் குறிப்புகளைச் சுமந்து வரக்கூடாது. தள்ளுபடி உண்டா என்பதைத் தருக்கப் பகுதி முடிவு செய்யும். அம்முடிவு வந்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே வார்ப்புரு பார்க்கும்.

இவ்வளவு குறைத்தபின் அம்மொழியால் என்ன செய்ய இயலும்? பார் இதற்கான விடையை, நோம் சாம்ஸ்கி 1950களில் வகுத்த இலக்கணப் படிநிலையில் தேடினார். ஒரு வார்ப்புரு மற்றொன்றையோ தன்னையோ அழைக்க முடியுமானால், அது சூழல்சாரா இலக்கணத்தைப் போலவே இயங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இணையப் பக்க அமைப்புகளுக்கு அந்த ஆற்றல் போதும் என்பது அவர் வாதம். இயல்மொழி வாக்கியங்களை விளக்கப் பிறந்த கோட்பாடு, பக்கம் எழுதும் கருவியின் எல்லையை அளக்கும் கோலாயிற்று.

வரலாறு அங்கு முடிந்துவிடவில்லை. ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட ரியாக்ட், குறிமொழியையும் ஜாவாஸ்கிரிப்டையும் ஒரே கோப்பில் சேர்த்தபோது, பழைய குழப்பமே திரும்புகிறது எனப் பலர் எதிர்த்தனர். மொழிகளைப் பிரிப்பது வேறு, பொறுப்புகளைப் பிரிப்பது வேறு என்பது அதன் ஆதரவாளர்களின் மறுமொழி. அம்மறுமொழியில் உண்மை உண்டு. ஒரு பொத்தானைக் காட்டுவதா மறைப்பதா என்பதும் தருக்கமே. அது தோற்றத்தின் தருக்கம். தள்ளுபடி யாருக்கு என்பது வணிகத்தின் தருக்கம். முன்னது காட்சியோடு இருக்கலாம். பின்னது ஓரிடத்தில், ஒரே முறை எழுதப்பட வேண்டும். எந்தக் கருவியைக் கையாண்டாலும், அவ்விதியை நாளை மாற்ற வேண்டியவர் எத்தனை கோப்புகளைத் திறக்க நேரும் என்ற கேள்வியே பிரிவினை நிகழ்ந்ததா என்பதைக் காட்டிவிடும்.