மனச்சாட்சியின் மேல் எழுந்த உரிமை

ஒரு சொத்தை உடையவன் ஒருவனாகவும் அதன் பலனுக்கு உரியவன் வேறொருவனாகவும் இருக்கலாம் என்னும் கொள்கை இன்று டிரஸ்டு என்ற பெயரால் நமக்குப் பழகிப்போய்விட்டது. அது தோன்றிய இங்கிலாந்தில், சட்டம் கைவிட்டவர்களுடைய முறையீட்டிலிருந்தே அது பிறந்தது.

மத்திய காலத்தில் அந்நாட்டில் நிலம் வைத்திருந்தவன் ஒரு மேற்பிரபுவுக்குக் கட்டுப்பட்டே அதை வைத்திருந்தான். மைனர் பிள்ளையை விட்டுவிட்டு அவன் இறந்தால், பிள்ளைக்கு வயது வரும்வரை நிலத்தின் வருமானம் பிரபுவைச் சேரும். அப்பிள்ளையின் விவாகத்தை நிச்சயிக்கும் அதிகாரமுங்கூட அவருக்கே உரியது. நிலத்தை உயில் எழுதி வைக்கவும் பொதுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே விவேகமுள்ளவர்கள், தங்கள் நிலத்தை நண்பர்கள் சிலர் பெயருக்குக் கூட்டாக மாற்றி, தாம் உள்ளளவும் தமக்கும், தமக்குப் பின் மனைவி மக்களுக்கும் அதன் பலனைக் கொடுத்துவர வேண்டுமென்று சொல்லிவைத்தார்கள். நண்பருள் ஒருவர் காலமானாலும் உரிமை எஞ்சியவர்களிடம் நிலைத்திருந்தபடியால், பிரபு கைவைக்க வேளையே வாய்ப்பதில்லை. 1224-இல் அங்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளுக்கும் இம்முறை உதவிற்று. சொத்து வைத்துக்கொள்வதில்லை என்று விரதம் பூண்ட அவர்கள் வசிப்பதற்காக, அன்பர்கள் வீடுகளை ஊரார் பெயரில் விட்டுவைத்தார்கள்.

நண்பன் வாக்குத் தவறினால் என் செய்வது? நிலம் யார் வசம் மாற்றப்பட்டதோ அவனையே பொதுச் சட்ட நியாயஸ்தலங்கள் உடையவனாகக் கண்டன. போக்கிடமற்ற விதவைகளும் பிள்ளைகளும் அரசனிடம் முறையிட, அம்மனுக்கள் அவனுடைய பிரதான மந்திரியான சான்ஸலரிடம் வந்து சேர்ந்தன. அக்காலத்துச் சான்ஸலர்கள் பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்த குருமார்கள். நிலம் அந்த நண்பனுடையதே என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால், ஏற்ற வாக்கை மீறுவது மனச்சாட்சிக்கு விரோதமென்று சொல்லி, அதை நிறைவேற்றும்வரை அவனைச் சிறையில் வைக்கவும் தயங்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் இது உறுதியான வழக்கமாயிற்று.

இதனால், மேற்பிரபு என்ற முறையில் தனக்கு வரவேண்டிய வருமானம் குன்றக் கண்ட எட்டாம் ஹென்றி அரசன், பலனுக்குரியவனையே சட்டப்படி உடையவனாக்கும் சட்டமொன்றை 1536-இல் நிறைவேற்றுவித்தான். நிலச்சுவான்தார்களின் அதிருப்தி பெரிதாகவே, 1540-இல் நிலத்தையும் உயில் எழுதிவைக்கும் உரிமையை அவனே அளிக்க நேர்ந்தது. பலனின் மேல் மற்றொரு பலனை ஏற்றி எழுதினால் ஹென்றியின் சட்டம் முதற்பலனோடு நின்றுவிடும் என்ற வாதத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் சான்ஸலரின் நியாயஸ்தலமான சான்ஸரி ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பலனுக்குரியவனை அது காக்க முன்வரவே, பழைய ஏற்பாடு டிரஸ்டாக உயிர்பெற்றது.

டிரஸ்டியின் கடமை எத்துணைக் கடுமையானது என்பதை 1726-இல் தீர்ப்பான ஒரு வழக்கில் காணலாம். ரோம்போர்டு சந்தையின் வருமானத்தைக் குத்தகையாகப் பெற்றிருந்த ஒருவர், அதை ஒரு குழந்தைக்காக டிரஸ்டியிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். குத்தகை முடியுந்தறுவாயில் டிரஸ்டி அதைக் குழந்தைக்காகப் புதுப்பிக்கக் கேட்டார். குழந்தையை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்த இயலாதென்று சொந்தக்காரர் மறுத்துவிட்டார். டிரஸ்டி அதைத் தம் பெயரிலேயே எடுத்துக்கொண்டார். குழந்தைக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒன்றைத்தானே எடுத்தார், அதில் துரோகம் எங்கே என்று நமக்குத் தோன்றும். லார்டு கிங் என்னும் சான்ஸலரோ, உலகத்தில் அந்தக் குத்தகையை எடுக்கத் தகாதவர் அந்த டிரஸ்டி ஒருவரே என்று கருதி, குத்தகையையும் வந்த லாபத்தையும் குழந்தைக்கே சேர்ப்பித்தார். தீர்ப்பு கொடியதென்று சொல்வோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. புதுப்பிக்க மறுத்தார்கள் என்ற சாக்கை ஒருமுறை ஒப்புக்கொண்டால், எந்த டிரஸ்டி மைனருக்காக மனப்பூர்வமாகப் பேரம் பேசுவான்?

இத்தனை கடுமையான பாரத்தை ஒருவர் மேல் சுமத்துவதாயின், அது இன்னதென்று தெளிவாயிருக்க வேண்டுமன்றோ! 1840-இல் லார்டு லாங்டேல் என்னும் ஆங்கில நீதிபதி வகுத்த மூன்று நிச்சயங்கள் இக்காரணத்தாலேயே எழுந்தன: கட்டளையிடும் கருத்து, சொத்து, பலன்பெறுவோர் ஆகிய மூன்றும் ஐயமற விளங்க வேண்டும். நம் நாட்டில் 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டு சட்டமும் ஆறாம் பிரிவில் இதையே விதித்து, உதாரணங்களாலும் விளக்குகிறது. சொத்தைக் குடும்பத்திலேயே வைத்திருப்பாய் என நம்புகிறேன் என்று எழுதிவைத்தால் டிரஸ்டு ஏற்படாது, குடும்பத்தில் யார் என்பது தெரியாமையால். பெரும்பகுதியை இன்னாருடைய பிள்ளைகளுக்குப் பங்கிடுக என்றாலும் ஏற்படாது, பெரும்பகுதி எவ்வளவு என்பது தெரியாமையால். சொல் மட்டும் போதாது. உயிலால் ஏற்படுத்தினாலன்றி, அல்லது ஏற்படுத்துபவரே டிரஸ்டியாக இருந்தாலன்றி, சொத்தை டிரஸ்டியிடம் மாற்றிக் கொடுத்தாக வேண்டும். ஸ்தாவர சொத்தானால், உயில் நீங்கலாக, கையெழுத்திட்டுப் பதிவு செய்த சாசனம் வேண்டும். அவ்வாறு ஏற்படுத்தியபின், ரத்து செய்யும் அதிகாரத்தைச் சாசனத்தில் வெளிப்படையாக வைத்துக்கொள்ளாதவர், பலன்பெறுவோர் அனைவரும் சம்மதித்தாலன்றி, கொடுத்ததைப் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது.