சுரங்கத்திலிருந்து மன்றத்துக்கு: டர்ஹம் கவுண்டித் தேர்தல்களின் வரலாறு

இங்கிலாந்து நாட்டின் வடகிழக்கில் டர்ஹம் என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பதை ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றதெனக் கொள்ளலாம். மண்ணுக்கடியில் நிலக்கரி கிடைத்தமையால் அங்கே ஊருக்கு ஊர் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. கல்விப் பணிக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அந்த அயல்நாட்டுக் கவுண்டியின் தேர்தல் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பள்ளிக்கூடம் கண்டறியாத உழைப்பாளிகள் வாக்குச் சீட்டின் வழியே ஒரு மாவட்ட ஆட்சியைத் தம் கைக்குக் கொணர்ந்த வரலாறு அது. கைக்கு வந்தபின் நேர்ந்தவற்றையும் சேர்த்தே நாம் அறிதல் வேண்டும்.

1889ஆம் ஆண்டுக்கு முன்னர் ஆங்கிலக் கவுண்டிகளின் நிருவாகம் அமைதி நீதிபதிகளிடம் இருந்தது. அவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்கள் நியமனம் பெற்றவர்கள், பெரும்பாலும் நிலக்கிழார்கள். 1888ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுண்டி மன்றங்கள் தோன்றின. முதல் தேர்தல் 1889 சனவரியில் நடைபெற்றது. உறுப்பினரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்களோடு, உறுப்பினர்களே தெரிவு செய்யும் ஆல்டர்மன் என்னும் மூத்த உறுப்பினரும் ஆறாண்டுக் காலம் மன்றத்தில் அமர்ந்தனர். இப்பதவி 1974 வரை நீடித்தது.

மக்கள் தேர்ந்தெடுத்தனர் என்றோம். எந்த மக்கள்? உள்ளாட்சி வரியோடு பிணைந்த உரிமை அது. வீட்டையோ நிலத்தையோ தம் பெயரில் வைத்திருந்தோர்க்கே வாக்கு. கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் தம் பெயரில் வரி செலுத்தினால் வாக்களிக்கலாம். ஆயின் கவுண்டி மன்றத்தில் உறுப்பினராகும் உரிமை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெண்களுக்குக் கிட்டியது. 1918க்குப் பின்னரும் ஒரு விந்தை நீடித்தது. தந்தையின் வீட்டில் வாழ்ந்த இருபத்தைந்து வயதுச் சுரங்கத் தொழிலாளி நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். தன் தெருவின் சாக்கடையைப் பற்றி முடிவு செய்யும் மன்றத்துக்கு வாக்களிக்க இயலாது! நாடாளுமன்ற வாக்காளர் அனைவர்க்கும் உள்ளாட்சி வாக்கும் உண்டு என்று 1945ஆம் ஆண்டுச் சட்டம் கூறியபின்னரே இக்குறை நீங்கியது. சொத்தையும் வரியையும் கல்வியையும் அளவுகோலாக வைத்து வாக்களித்த முறையை நம் முன்னோரும் அறிவர்.

வாக்கு இருந்தும் அச்சமின்றி நிற்க இயலவேண்டுமே! டர்ஹம் சுரங்கத் தொழிலாளி குடியிருந்த வீடு சுரங்க உரிமையாளருடையது. வேலை போனால் வீடும் போகும். 1891இல் சில்க்ஸ்வொர்த் என்னும் ஊரில் வேலைநிறுத்தம் செய்தோரைக் குடும்பத்தோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் வீதியில் இறக்கினர். 1872இல் வந்த இரகசிய வாக்குமுறை வாக்காளனைக் காத்தது; வேட்பாளனைக் காக்கவில்லை. வேட்பாளன் யாரென்பது ஊருக்கே தெரியும். மேலும் மன்ற உறுப்பினர்க்கு ஊதியம் கிடையாது. பகலில் நடக்கும் கூட்டத்துக்குச் சென்றால் அன்றைய கூலி இல்லை. கூலியிழப்புக்கு ஈடு தரும் ஏற்பாடு 1948இல்தான் வந்தது.

இந்தப் பூட்டுக்குச் சாவியாக அமைந்தவர் எடை சரிபார்ப்பவர். வெட்டியெடுத்த கரியின் எடைக்கேற்பவே கூலி. உரிமையாளரின் ஆள் எடையைக் குறைத்தெழுதாமல் கண்காணிக்கத் தொழிலாளரே ஒருவரைத் தேர்ந்து, தம் கூலியிலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுத்தனர். இதற்குச் சட்டமும் இடந்தந்தது. முதலாளியிடம் கைநீட்டிக் கூலி வாங்காத தொழிலாளி அவர் ஒருவரே. கணக்குத் தெரிந்தவர், ஊரார் நம்பிக்கை பெற்றவர், எழுந்து பேச அஞ்சாதவர். சுரங்க ஊர்களின் மன்ற உறுப்பினர் பலர் இவ்வேலையிலிருந்தே வந்தனர் என்பதில் வியப்பில்லை. பெரிய தலைவர்களைப் பற்றி எழுதுவோர் இச்சிறு பதவியைக் கடந்து போய்விடுகின்றனர். நம் கருத்தில் டர்ஹம் வரலாற்றின் ஆணிவேர் இதுவே.

பீட்டர் லீ அத்தகையவர். 1864இல் பிறந்தார். பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கினார். இருபது வயதையொட்டியே செம்மையாக எழுதப் படிக்கக் கற்றார். அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உழைத்துத் திரும்பி, 1902இல் வீட்லி ஹில் என்னும் ஊரில் எடை சரிபார்ப்பவரானார். ஊராட்சி மன்றம், வட்டார மன்றம் எனப் படிப்படியாக ஏறி 1909இல் கவுண்டி மன்றத்தில் அமர்ந்தார். போர் முடிந்து 1919 மார்ச்சில் நடந்த தேர்தலில் டர்ஹம் மன்றம் தொழிற்கட்சியின் வசமாயிற்று. இங்கிலாந்தில் அக்கட்சி பெரும்பான்மை பெற்ற முதல் கவுண்டி மன்றம் இதுவே. லீ தலைவரானார். நியமனம் பெற்ற நிலக்கிழார்கள் ஆண்ட கவுண்டியில், முப்பதே ஆண்டுகளில், கரி வெட்டிய கை தலைமை நாற்காலியைப் பற்றியது. அவர் பெரிதும் கவலைப்பட்டது குடிநீருக்காகவும் சாக்கடைக்காகவும். மலைப்பகுதியில் அணைகட்டிச் சுரங்க ஊர்களுக்கு நீர் கொணரும் பணியில் முன்நின்றார். பர்ன்ஹோப் நீர்த்தேக்கம் நிறைவெய்தியது அவர் 1935இல் மறைந்த பின்னரே.

1922இல் தொழிற்கட்சி தோற்றது. 1925இல் மீண்டும் வென்றது. ஆயினும் வென்றவர் கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு என்பது விரைவில் விளங்கிற்று. வறியோர்க்கு உதவி வழங்க அக்காலத்தில் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பாளர் குழுக்கள் இருந்தன. 1926இல் சுரங்கங்கள் மூடப்பட்டுத் தொழிலாளர் பட்டினி கிடந்தபோது, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்னும் பகுதியின் குழு அவர்தம் குடும்பங்களுக்குத் தாராளமாக உதவியது. உடனே நடுவண் அரசு புதுச்சட்டம் இயற்றி அக்குழுவை நீக்கி, தன் ஆட்களை அமர்த்தியது. 1930இல் அப்பொறுப்பு கவுண்டி மன்றத்திடம் வந்தது. வேலையற்றோரின் குடும்ப வருவாயைத் துருவி ஆராய்ந்து உதவியைக் குறைக்க வேண்டும் என்ற ஆணையை டர்ஹம் மன்றத்துக் குழு கடுமையாகச் செயற்படுத்த மறுத்தது. 1932இல் அக்குழுவின் அதிகாரமும் பறிக்கப்பட்டு ஆணையரிடம் சென்றது. மக்கள் வாக்கு ஒருபுறம், இலண்டன் ஆணை மறுபுறம்; வென்றது ஆணையே.

இதுகாறும் கூறியவற்றில் குற்றம் மேலிருந்தோருடையது. இனிக் கூறப்போவது அவ்வளவு எளிதன்று.

1951இல் டர்ஹம் மன்றம் ஒரு வளர்ச்சித் திட்டம் வகுத்தது. ஊர்களை நான்கு பிரிவுகளாகப் பிரித்தது. கடைசிப் பிரிவான 'டி' பிரிவில் 114 ஊர்கள் சேர்க்கப்பட்டன. கரி தீர்ந்த ஊர்கள், தீரப்போகும் ஊர்கள். அவற்றில் இனிப் புது வீடோ புது வசதியோ வேண்டுவதில்லை. வீடுகள் பழுதானால் மக்களை வேறிடம் அனுப்பிவிட்டு இடித்துவிடலாம் என்பது முடிவு. முடிவு செய்தவர்கள் நிலக்கிழார்கள் அல்லர். அவ்வூர்களின் வாக்குகளால் வென்ற தொழிற்கட்சியினரே. ஈர வீடுகளிலிருந்து மக்களை மீட்டு நல்ல வீடுகளில் குடியேற்றுவதே அவர்கள் நோக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வூரார் கேட்டது தம் ஊரிலேயே நல்ல வீடு. விட்டன் பார்க் என்னும் ஊரில் வரிசை வரிசையாக வீடுகள் வீழ்ந்தன. மக்கள் கூடி எதிர்த்தனர். தேர்தலில் இதனைத் திருத்தியிருக்கலாமே எனலாம். எங்கும் ஒரே கட்சி வெல்லும் கவுண்டியில் தேர்தல் நாளுக்கு முன்னரே, கட்சிக் கூட்டத்தில் வேட்பாளர் குறிக்கப்படும்போதே, முடிவு ஏறத்தாழத் தீர்ந்துவிடும். இத்திட்டம் 1977இல்தான் கைவிடப்பட்டது.

பின்னர் வந்த மாற்றங்களைச் சுருங்கக் கூறலாம். 1974இல் கவுண்டியின் எல்லை சுருங்கிற்று; மூன்றாண்டுத் தேர்தல் நான்காண்டுத் தேர்தலாயிற்று. 2009இல் வட்டார மன்றங்கள் மறைந்து கவுண்டிக்கு ஒரே மன்றம் என்றாயிற்று. இடையே 1993இல் டர்ஹம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. 1925 முதல் இடையறாது இருந்த தொழிற்கட்சியின் பெரும்பான்மை 2021இல் அகன்றது. அவ்வாண்டு 126 இடங்களில் அதற்கு 53 கிட்டின. 2025 மே தேர்தலில் இடங்களின் எண்ணிக்கை 98. ரிஃபார்ம் கட்சி 65 இடங்களை வென்றது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை நான்கு.

விட்டன் பார்க் அழியவில்லை. இடிக்கப்பட்டவை போக எஞ்சிய வீடுகளிலும் பின்னர்க் கட்டப்பட்ட வீடுகளிலும் மக்கள் வாழ்கின்றனர்.