நம்மி கூட்டு நிறுவனம்

நம்மி என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் சரிபாதிப் பங்குடன் நடத்திய கார் உற்பத்தி நிறுவனம். 'நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபாக்சரிங்' என்பது இதன் முழுப் பெயர். கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் நகரில் 1984 முதல் 2010 வரை இயங்கியது. பன்னாட்டுக் கூட்டுத் தொழிலில் அறிவு எப்படிக் கைமாறுகிறது, எங்கே தேங்குகிறது என்பதற்கு மேலாண்மைத் துறையில் அடிக்கடி காட்டப்படும் சான்று இது.

தோற்றம்
ஃபிரிமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த ஆலை 1982-இல் மூடப்பட்டது. வேலைநிறுத்தங்களும் மட்டுமீறிய வருகைக் குறைவும் அதை முடக்கியிருந்தன. சிறிய கார்களைத் தரமாகத் தயாரிக்கும் முறையை டொயோட்டாவிடம் கற்க ஜெனரல் மோட்டார்ஸ் விரும்பியது. அமெரிக்கத் தொழிலாளர்களோடும் தொழிற்சங்கத்தோடும் தன் முறை ஒத்துவருமா என்று அறிய டொயோட்டா விரும்பியது.

பகிர்வு முறை
பழைய ஆலையின் தொழிலாளர்களே பெரும்பாலும் மீண்டும் சேர்க்கப்பட்டனர். குழுத் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் ஜப்பானின் தகவோகா ஆலைக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளர்களுடன் சேர்ந்து வேலைசெய்தே கற்றனர். அப்படிக் கற்றவற்றுள் ஒன்று: உற்பத்தியில் குறை கண்டவர் ஒரு கயிற்றை இழுத்து உதவி கோரலாம். தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். 'ஆண்டன்' எனப்படும் இம்முறை, தொழிலாளியின் கண்ணையும் சொல்லையும் நம்புவதில் நிற்கிறது. சில ஆண்டுகளிலேயே ஃபிரிமான்டின் தரம் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கியது. ஆட்கள் மாறவில்லை, வேலை நடத்தப்பட்ட விதமே மாறியது.

விளைவுகள்
டொயோட்டா தான் கற்றதை உடனே பயன்படுத்தியது. கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் அதன் சொந்த ஆலை 1988-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் ஃபிரிமான்டுக்கு அனுப்பிய மேலாளர்களோ திரும்பியபின் பல இடங்களுக்குச் சிதறிப்போயினர். ஜெனரல் மோட்டார்ஸின் வான் நைஸ் ஆலையில் டொயோட்டா முறையைப் புகுத்தும் முயற்சி பலிக்கவில்லை. அந்த ஆலை 1992-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஐசனாக்கில், அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் கிளையாக இருந்த ஓப்பல் புதிய ஆலையைத் திறந்தபோது நம்மியில் பழகியவர்கள் அதை உருவாக்க உதவினர்; அங்கே முறை வேரூன்றியது.

படிப்பினை
கயிறு போன்ற கருவிகளைப் பார்த்து நகலெடுக்கலாம். அவற்றுக்குப் பின்னுள்ள நம்பிக்கையும் பழக்கமும் மனிதர்களோடுதான் பயணிக்கும். கற்றுத் திரும்புவோரை ஒன்றாக அமர்த்தி, மாற்றிச் செய்யும் அதிகாரமும் தரும் நிறுவனத்திடமே கூட்டாளியின் அறிவு தங்குகிறது.

முடிவு
2009-இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரலில் கடைசிக் கார் வெளிவந்ததும் ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு டெஸ்லா அதை வாங்கியது.