அமைதி வலயமும் திருகோணமலையும்: இலங்கையின் கடற்பாதுகாப்பு, 1942–1987

இந்துமாக்கடலை அமைதி வலயமாக அறிவிக்கும் 2832ஆம் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1971 டிசம்பர் 16இல் நிறைவேற்றியது. ஆதரவு வாக்குகள் 61, எதிர்ப்பு இல்லை, வாக்களியாது ஒதுங்கியோர் 55. அன்றுதான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான என்டர்பிரைஸ் வங்கக் கடலை எட்டியிருந்தது. தீர்மானத்தை முன்மொழிந்த இலங்கையின் செயலை அணிசேராக் கொள்கையின் இலட்சியக் குரலாகக் காண்பதே பெருவழக்கு. அக்குரலினுள் ஒரு சிறு நாட்டின் பாதுகாப்புக் கணக்கும் இருந்தது என இக்கட்டுரை கருதுகிறது.

கணக்கின் வேர் திருகோணமலையில் உள்ளது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கின; அன்றே ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. தளம் காவலா, தாக்குதலுக்கான அழைப்பா என்னும் வினா அன்று முதல் நீங்கவில்லை. டி. எஸ். சேனநாயக்க அதை இந்தியாவுக்கு எதிரான காப்பாகக் கருதி 1947இல் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1957இல் தளத்தை மீட்டார். ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் கையில் வந்தது. அதைக் காக்கவல்ல கடற்படை நாட்டிடம் இல்லை.

சூயசுக்குக் கிழக்கிலிருந்து வெளியேறுவதாக 1968இல் பிரித்தானியா அறிவித்தது. அவ்வாண்டே சோவியத் போர்க்கப்பல்கள் இக்கடலில் தோன்றின. 1971இல் தியாகோ கார்சியாவில் அமெரிக்கக் கட்டுமானம் தொடங்கிற்று. எனினும், கொழும்பைச் சிந்திக்க வைத்தது தொலைவல்லரசுகள் மட்டும் எனல் பொருந்தாது. ஏப்ரல் கிளர்ச்சியின்போது இந்தியக் கடற்படை இலங்கைக் கரையோரம் காவல் புரிந்தது. எட்டுத் திங்களில் அதே கடற்படை கராச்சியைத் தாக்கி, கிழக்கு வங்கக் கரையை முற்றுகையிட்டது. உதவிய கையின் வலிமையும் அன்று வெளிப்பட்டது.

தீர்மானத்தின் வாசகம் இங்கே கவனிக்கத்தக்கது. கரையோர நாடு எதன் இறைமைக்கும் எதிராகப் போர்க்கப்பல்களைப் பயன்படுத்தலாகாது என அது கூறுகிறது. எவருடைய கப்பல்கள் என வரையறுக்கவில்லை. புறவல்லரசுகளின் வெளியேற்றமே அமைதி வலயம் எனப் புதுடில்லி விளக்கியது. வாசகமோ அண்டை நாட்டையும் உள்ளடக்கிற்று.

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்நிலை தலைகீழாயிற்று. திருகோணமலையோ வேறெந்த இலங்கைத் துறைமுகமோ இந்திய நலனுக்கு ஊறாக எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் அளிக்கப்படாது என்பது அவற்றின் உட்கிடை. 1971இல் கரையோர நாட்டின் இறைமை அளவுகோலாக இருந்தது. 1987இல் அண்டை நாட்டின் நலன் அவ்விடத்தைப் பெற்றது. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் தங்கியபோது புதுடில்லி கவலை தெரிவித்தது. ‘வேறெந்த இலங்கைத் துறைமுகமும்’ என்னும் தொடருக்குள் கொழும்பும் அடங்கும்.